அடுப்படி ஜன்னலில் எடுத்த கைரேகை

மனிதர்களின் முகம் எனக்கு நினைவில் நிற்காது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நடிக்கிறேன் என்கிறார்கள். அப்படி நடிக்கத் தெரிந்திருந்தால் காரைக்குடிப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் ரேடியோ அலை பற்றிப் பாடம் நடத்தி, கடைசி பெஞ்சு தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வயதாகியிருக்க மாட்டேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவியோடு பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தேன். முகூர்த்த நாள். கோயில் முழுக்கப் புதுப் பெண்கள், எல்லாரும் அரக்கு நிறப் பட்டு. தரிசனம் முடிந்து வெளியே வந்து, பக்கத்தில் நின்றவளிடம் உரிமையோடு, "செருப்பை எங்க விட்டோம்?" என்று கேட்டேன். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளிக் கொடிமரத்தடியில் நின்ற என் மனைவி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவேயில்லை. முழுக்கச் சிரித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து விசேஷங்களில் சொந்தக்காரரைத் தெரியாமல் நிற்பது சின்னக் குற்றமில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் மன்னித்துவிடுவார்கள், முறை தெரியாமல் முழித்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் என் மனைவி எனக்கு இடது பக்கம், அரையடி பின்னால் நின்றுகொள்வாள். எதிரே யாராவது கைகூப்பி வந்தால், உதடு அசையாமல் காதில் செய்தி வரும்.

"அந்தா வாராக, எங்க சின்னம்மா மருமகன். முழங்கால் ஆப்பரேசன் பண்ணியிருக்காக, அதைக் கேளுங்க."

நான் போய் முழங்காலை விசாரிப்பேன். அவர் நெகிழ்ந்துபோவார். மறக்காமல் விசாரிக்கிற மனுஷன் என்று ஊருக்குள் எனக்கு நல்ல பேர் இருந்தது. அது முழுக்க அவள் சம்பாதித்துக் கொடுத்த பேர்.

இப்படிப்பட்ட நான் செய்துவந்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? அடையாளம் காண்பது. மனிதர்களை இல்லை, செல்போன்களை.

கம்பியில்லாமல் பேசுகிற எந்தக் கருவிக்கும் ஒரு கைரேகை உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு போன்கள்கூட ஒரே மாதிரி அலையை அனுப்புவதில்லை. உள்ளே அதிர்கிற படிகம் ஒன்றில் துளி வேகமாக இருக்கும், இன்னொன்றில் துளி மெதுவாக. அலையைப் பெருக்கும் பகுதி ஒன்றில் இப்படிக் கோணும், இன்னொன்றில் அப்படிக் கோணும். காதுக்குத் தெரியாத, பேச்சைக் கெடுக்காத சின்னச் சின்னக் கோணல்கள். சிம்மை மாற்றலாம், பேரை மாற்றலாம், உறையை மாற்றலாம். இந்தக் கோணலை மட்டும் மாற்ற முடியாது. நல்ல ரிசீவர் ஒன்றை வைத்து அலையைப் பிடித்து, கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டால், அடுத்த முறை அந்த போன் வாயைத் திறந்தவுடன் இன்னார் என்று சொல்லிவிடும்.

இதை வீட்டில் விளக்கியபோது என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "ஒரே மாவு, ஒரே அச்சு, ஆனா எங்க அக்கா புழிஞ்ச முறுக்கு எது, நான் புழிஞ்சது எதுன்னு பார்த்தாலே தெரியும். அதுதானே?" என்றாள். அதுதான் என்றேன். "இதுக்காய்யா உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாக?" என்று துருவலைத் தொடர்ந்தாள்.

ஆராய்ச்சியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்று ஹாலில் ஷோகேஸ் மேல் ரிசீவரை வைத்து, சுவரில் ஒரு சின்னத் திரையை மாட்டினேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள்தான் பேர்களைப் போட்டாள்: அப்பா, அம்மா, பாப்பா. தெரியாத போன் வந்தால் 'புது ஆள்'. உள்ளே வந்தால் பேர் பச்சையாகும், வெளியே போனால் சாம்பல் நிறமாகிவிடும்.

பழக்குவதற்கு ஒவ்வொரு போனின் அலையையும் பதிவு செய்ய வேண்டும். வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் வைத்துப் பதிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். வருஷா வருஷம் மாணவர்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்வது அதுதான். ஆனால் என் மனைவி வீட்டில் இருக்கும்போது அவள் போன் அடுப்படி ஜன்னல் திட்டில்தான் இருக்கும். சார்ஜர் அங்கேதான். பக்கத்தில் காப்பி பில்டர், பின்னால் பித்தளைச் செம்புகள், ஜன்னலில் இரும்புக் கம்பி. போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் ஹாலுக்கு, மாடிக்கு, வாசலுக்கு நடந்து வா என்று கெஞ்சினேன்.

"வெங்காயம் கருகிரும். வேணும்னா நீங்க கிண்டுங்க, நான் ஊர்வலம் போறேன்."

கரண்டியை நீட்டினாள். நான் பின்வாங்கிவிட்டேன். சரி, வீட்டு மிஷின்தானே என்று அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே, திட்டில் இருந்தபடியே பதிந்துகொண்டேன். மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. எப்போதாவது அவள் போனோடு ஹாலில் வந்து உட்கார்ந்தால் மட்டும் 'புது ஆள்' என்று காட்டும். "இத்தனை வருசம் குடித்தனம் பண்ணியும் உங்க மிஷினுக்கு நான் விருந்தாளியா இருக்கேன்" என்பாள். சூடு கூடினால் படிகம் கொஞ்சம் பிசகும், காரைக்குடி வெயில் அப்படி என்று விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் காரில் உட்கார்ந்துதான் போனாள். போகிற வழியெல்லாம் ஃபிரிட்ஜில் தயிர் இருக்கிறது, புளித்துவிடும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது வளையலையும் போனையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, மகளும் சென்னைக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு, பையிலிருந்து போனை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால் தானாக அடுப்படிக்குப் போனது. ஜன்னல் திட்டில் வைத்துச் சார்ஜரைச் செருகினேன். ஹாலுக்கு வந்தால் சுவரில் 'அம்மா' பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த போனை அணைக்கவேயில்லை. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. சாமியிலும் பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் மட்டும்தான். ஆனாலும் கல்லூரிக்குக் கிளம்பும்போது திரையைப் பார்ப்பேன், அம்மா வீட்டில். வந்ததும் பார்ப்பேன், வீட்டில். போட்டோவை யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், குரலைக்கூட இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. யாராலும் போலி செய்ய முடியாத ஒன்று அவளுடையதாக என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்த மகள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மாதக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தால் எந்த பேட்டரிதான் தாங்கும்? ஒரு நாள் பார்த்தால் போனின் முதுகு உப்பி, மூடி பிளந்து நின்றது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, வெடித்துவிடும், இன்றைக்கே கடையில் கொடுங்கள் என்று மிரட்டினாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே நீல டீ-ஷர்ட், ஒரே தாடி. என்னைப் போன்றவனைச் சோதிப்பதற்கென்றே திறந்த கடை. அதில் ஒருவரிடம் கொடுத்து, பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். மறுநாள் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹால் தரையிலேயே உட்கார்ந்து போனைப் போட்டேன். அவள் வைத்த படம் வந்தது, எங்கள் மகள் சின்ன வயதில் மொட்டையடித்த படம். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். 'புது ஆள்'.

அணைத்துப் போட்டேன். புது ஆள். ரிசீவரை அணைத்துப் போட்டேன். புது ஆள். ஃபேனுக்குக் கீழே குளிரவைத்துப் பார்த்தேன். மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவளை இரண்டாவது தடவையாகக் கொண்டுபோய் ஒரு இடத்தில் விட்டுவிட்டு, வெறும் பையோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

லேப்டாப்பையும் ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் ஒருவர் நான் மீன் பிடிக்கப் போகிறேனா என்று கேட்டார். கடையில் அந்த மூன்று பேரில் யாரிடம் கொடுத்தேன் என்று நிச்சயமில்லாததால் பொதுவாக மூவரையும் பார்த்துச் சத்தம் போட்டேன். ஒருவர் எழுந்து வந்தார். உள்ளே இருந்த போர்டை மாற்றிவிட்டீர்கள், நல்லதை எடுத்துக்கொண்டு வேறு எதையோ வைத்துவிட்டீர்கள், இது என் மனைவியின் போனே இல்லை என்றேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் இருந்த கீறலைக் காட்டினார். படங்களைக் காட்டினார். என் கண்முன்னாலேயே மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். எனக்கு முகமே நிற்காது, போர்டு நிற்கவா போகிறது? படத்தையெல்லாம் ஏற்றிவிடலாம், அலையை ஏற்ற முடியாது என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்து கோடுகளைக் காட்டினேன். கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவேயில்லை. "சார், உங்க கம்ப்யூட்டர் இல்லைன்னு சொல்லுதுங்கிறீக. நான் மனுசன் சொல்றேன். பேட்டரி மட்டுந்தான் மாத்துனேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனங்களுக்கு ஒரு போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். கண்டனூரில் என் மனைவியின் பெரியப்பா வீட்டில் கல்யாணம், அதற்காக. நான் கடைக்காரரைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு, அலமாரி மேலிருந்த போன் பெட்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த அடையாள எண்ணையும் போன் காட்டிய எண்ணையும் பார்த்தாள். ஒன்றுதான். இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளனுக்கு இது தோன்றவில்லை. அந்த எண்ணையும் மாற்றலாம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "நீங்க குளிச்சிட்டு வாங்கப்பா" என்றாள்.

குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலுக்கு வந்தேன். சுவரில் 'அம்மா' பச்சையாக எரிந்தது.

என் மனைவியின் போனோ என் மேஜை இழுப்பறையில், அணைத்து வைத்தபடி இருந்தது. அடுப்படியிலிருந்து காப்பி வாசம் வந்தது. பாத்திரம் உரசுகிற சத்தம் வந்தது. பேயில் நம்பிக்கை இல்லாதவன் அந்த வாசலுக்குப் போன வேகத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை. உள்ளே மகள் முதுகைக் காட்டி நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் போன மாதம் வாங்கிய புது போன், ஜன்னல் திட்டில், பில்டருக்குப் பக்கத்தில், சார்ஜரில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். புது ஆள். திரும்பத் திட்டில் வைத்தேன். அம்மா. இழுப்பறையில் இருந்ததை எடுத்து ஆன் செய்து திட்டில் வைத்தேன். அம்மா. மகளின் போனை என் சாய்வு நாற்காலியில் வைத்தேன், அங்கே உட்கார்ந்துதான் நான் எப்போதும் போன் பார்ப்பேன். 'அப்பா' என்றது. அந்த நாற்காலியில் எதை வைத்தாலும் நான்தான்.

புரிந்துவிட்டது. அலை போனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. சுவரில் பட்டு, செம்பில் பட்டு, கம்பியில் பட்டு, பல பிரதிகளாக ரிசீவருக்கு வந்து சேரும். ஒரே இடத்தில் வைத்துப் பழக்கினால், மிஷின் போனின் கோணலைக் கற்றுக்கொள்ளாது, அந்த இடத்தின் எதிரொலியைத்தான் கற்றுக்கொள்ளும். என் மாணவர்கள் யாராவது இந்தத் தவறைச் செய்திருந்தால் வகுப்பிலேயே மானத்தை வாங்கியிருப்பேன். என் மிஷினுக்கு என் மனைவியின் போன் ஒரு நாளும் தெரிந்ததேயில்லை. அதற்குத் தெரிந்தது அடுப்படி ஜன்னல் மட்டும். யாராலும் போலி செய்ய முடியாது என்று நான் காவல் காத்ததை, காப்பி போட வந்த ஒரு போன் செய்துவிட்டது.

மகள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, பழைய பதிவுகளைக் காட்டச் சொன்னாள். லேப்டாப்பில் எடுத்தேன். அவள் அம்மாவின் போன் அனுப்பிய அலையின் பலம், ஒரு நீளக் கோடாக. கோடு நேராக இல்லை. இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போனது.

"இது ஏன்ப்பா இப்படிக் குழி குழியா இருக்கு?"

சத்தம், இரைச்சல், சுத்தம் செய்ய வேண்டிய குப்பை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. திட்டுக்கும் ரிசீவர் இருக்கும் ஷோகேஸுக்கும் நடுவில் அடுப்படி வாசல். அடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறவர் அந்த வாசலின் குறுக்கே போக வேண்டும். உடம்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், இந்த அலையைக் குடித்துவிடும். யாராவது குறுக்கே போனால் கோடு இறங்கும், கடந்துவிட்டால் ஏறும்.

"அது உங்க அம்மா" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டை மெல்ல நகர்த்தினோம். அடுப்புக்குப் போகிறாள். தொட்டிக்கு வருகிறாள். மறுபடி அடுப்பு. பதிவின் கடைசியில் நீளமாக ஒரு பள்ளம். அது எனக்கு நினைவிருந்தது. முகம் நினைவில் நிற்காதவனுக்கு அது நினைவிருந்தது. போனுக்கு முன்னால் வந்து நின்று, ஹாலைப் பார்த்து, முடிந்துவிட்டதா, போனை எடுக்கலாமா, அக்காவிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். அவள் அங்கேயே, கையைத் துடைத்துக்கொண்டு, காத்து நின்றாள்.

மகள் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தபடி கேட்டாள், "சரியா எடுக்கணும்னா இதையெல்லாம் அழிச்சிட்டுத்தானே எடுக்கணும்?"

"ஆமா."

"அழிக்கப் போறீகளா?"

காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அழிக்கவில்லை. அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மிஷினுக்குப் புதிதாகப் பழக்கினேன். என் மனைவி போகமாட்டேன் என்ற ஊர்வலத்தை நான் போனேன். போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஹால், மாடி, துணி காயப்போடும் இடம், வாசல், திரும்ப அடுப்படி. ஒவ்வொரு இடத்திலும் வெங்காயம் கருகிவிடும் என்ற பதில் என்னோடு வந்தது. இப்போது போனை எங்கே வைத்தாலும் மிஷின் சரியாக 'அம்மா' என்கிறது. வேறு எந்த போனைத் திட்டில் வைத்தாலும் ஏமாறுவதில்லை. தொழில் சுத்தம். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அது ஒரு போன், அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நீல டீ-ஷர்ட் போட்டிருந்தவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, தான் ரீசார்ஜ் செய்ய வந்தவர் என்றார். கடையில் அன்றைக்கு வேறு யாருமில்லை. ஓனர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். நான் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பிறகு கண்டனூர்க் கல்யாணம். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, அன்றைக்கு ஆட்களால் நிரம்பி வழிந்தது. என் மனைவி இல்லாமல் நான் போன முதல் கல்யாணம். கிளம்பும்போது அவள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மகளை உள்ளே பெண்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் தூணோரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே அளவில் சிரிப்பும் கும்பிடும் வழங்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் யாருக்கு, இதயம் யாருக்கு, ஒன்றும் தெரியவில்லை. யாரையும் விசாரிக்கவில்லை. பாவம், சம்சாரம் போனதிலிருந்து ஆளே மாறிவிட்டார் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அப்போது பட்டு வேட்டி கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்து கும்பிட்டார்.

"தெரியுதா சார்?"

என் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது, காதைக் கொடுப்பதற்கு. நாதஸ்வரம்தான் கேட்டது.

வழக்கமாக இந்த இடத்தில், தெரியாமல் இருக்குமா என்று சொல்லிச் சமாளிப்பேன். அன்றைக்கு வரவில்லை.

"தெரியலை" என்றேன். "எனக்கு யாரையும் தெரியாது. தப்பா நினைக்காதீக."

"செல்போன் கடை, சார். மாப்பிள்ளை எனக்குச் சிநேகிதன்" என்றார்.

டீ-ஷர்ட் இல்லாமல் அவரைக் கண்டுபிடிக்க என்னைப் படைத்தவனாலும் முடிந்திருக்காது. தப்பு என் மிஷின்மேல்தான் என்று சொன்னேன். கடைக்கு வந்து வேறு யாரிடமோ மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். என் சட்டைப் பையைப் பார்த்து, "உங்க வீட்டு ஆச்சி போன் நல்லா ஓடுதா?" என்றார்.

"நல்லா ஓடுது."

பந்திக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் நகரப் பார்த்தார். அந்தச் சமயம் வாசல் பக்கமிருந்து ஒரு பெரியவர், கையைக் கூப்பியபடி, என்னை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கடைக்காரரின் கையைப் பிடித்து, என் இடது பக்கமாக நிறுத்திக்கொண்டேன்.

"அந்தா வாராகளே, யாருன்னு தெரியுமா?" என்று உதடு அசையாமல் கேட்டேன்.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று அவரும் உதடு அசையாமல் சொன்னார்.

பெரியவர் பக்கத்தில் வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டோம்.